கல்லில் நிற்கும் உடலும் காரப்பேட்டைக்குப் போகும் உடலும்



பெண்ணின் மார்பின் மேல் நம் பண்பாடு வைத்திருக்கும் தீராத கவனத்தையும், அதிலிருந்து பிறந்த அழகு இலக்கணத்தையும் பற்றிப் பேச வந்திருக்கிறேன். தலைப்பை வாசித்ததும் சிலர் குனிந்துகொண்டதைப் பார்த்தேன். காஞ்சிபுரத்தில் இதைப் பேசக் கூச்சப்பட வேண்டியதில்லை. நம் கோயில் சுவர்கள் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக இதைப் பேசிக்கொண்டுதான் இருக்கின்றன. அந்தப் பேச்சில் பெண் எங்கே இருந்தாள் என்பதுதான் என் கேள்வி.

கயிலாசநாதர் கோயில் முகப்பில் வரிசையாகச் சிறு சன்னதிகள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் ஒன்றைக் கட்டியவள் ரங்கபதாகை என்ற பல்லவ அரசி. ராசசிம்மன் என்று நாம் சொல்லும் இரண்டாம் நரசிம்மவர்மனின் தேவி அவள். காலம் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கம். அவள் கட்டியதைச் சொல்லும் வடமொழிக் கல்வெட்டு அங்கேயே இருக்கிறது. கோயில் எழுப்பிய பெண்ணை அந்தக் கல்வெட்டு எப்படிப் புகழ்கிறது? கணவனின் அன்புக்கு உரியவள். எழிலும் மென்மையும் நிறைந்தவள். ஆயிரமாயிரம் அழகிகளைப் படைத்துப் பழகிய பிரமன், கடைசியில் கை தேர்ந்து செய்து முடித்த படைப்பு. பெண்குலத்துக்கே கொடி போன்றவள். அவள் செய்த செயல் ஒரு வரியில் முடிந்துவிடுகிறது. அவள் தோற்றத்துக்குத்தான் பாட்டு நீள்கிறது.

அந்தக் கவிஞரை நான் குறை சொல்லவில்லை. அவர் காலத்து மரபு அது. ஆனால் அந்தச் சன்னதி முன் நிற்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது இதுதான்: ஒரு பெண் கல்லில் கோயில் கட்டினாலும், அவளைப் பற்றி முதலில் எழுதப்படுவது அவள் எப்படி இருந்தாள் என்பதே.

அடுத்து, சிற்பிகளின் கணக்கு. முகத்தின் நீளத்தைத் தாளம் என்று கொண்டு, உடல் முழுவதையும் அதன் மடங்குகளாகப் பிரிப்பது சிற்ப நூல்களின் முறை. திருமால், சிவன் போன்ற பெருந்தெய்வங்களுக்கு உத்தம தசதாளம், 124 அங்குலம். உமைக்கும் திருமகளுக்கும் நிலமகளுக்கும் மத்திம தசதாளம், 120 அங்குலம். தோள் எவ்வளவு, இடை எவ்வளவு, மார்பு எவ்வளவு என்று எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. எந்த உயிருள்ள பெண்ணையும் அளந்து எழுதிய கணக்கு இல்லை இது. கண்ணால் காண முடியாத ஒன்றைக் கண்ணுக்குக் காட்ட வகுத்த கணக்கு. தேவியின் மார்பு நிறைந்திருப்பது, உலகுக்கே ஊட்டுபவள் என்று காட்டுவதற்காக. சீர்காழிக் குளக்கரையில் அழுத பிள்ளைக்கு அம்மை ஞானப்பால் ஊட்டினாள் என்று நாம் சொல்லும் கதையில் இருப்பதும் இந்த எண்ணம்தான். தெய்வத்துக்கு வகுத்த அந்த அளவை, நெசவாளி வீட்டுப் பெண்ணின் மேலும் பள்ளி ஆசிரியையின் மேலும் நாம் வைத்துப் பார்க்கத் தொடங்கினோம். குழப்பம் அங்கேதான் தொடங்கியது.

இன்னொன்றையும் கவனியுங்கள். தென்னாட்டுத் திருமால் கோயில்களில் பெருமாளின் இருபுறமும் தேவியர் நிற்பார்கள். சிற்ப மரபுப்படி ஸ்ரீதேவிக்கு மார்க்கச்சை உண்டு, பூதேவிக்குக் கிடையாது. இருவருக்கும் ஒரே பீடம், ஒரே பூசை. மறைத்தவள் உயர்ந்தவள், மறைக்காதவள் தாழ்ந்தவள் என்று அங்கே யாரும் எண்ணவில்லை. மாமல்லபுரத்து ஆதிவராகக் குகையில் சிம்மவிஷ்ணுவின் தேவியரும் மகேந்திரனின் தேவியரும் மேலாடை இல்லாமல்தான் நிற்கிறார்கள். அவர்கள் பட்டத்தரசிகள்.

இனி ஏகாம்பரநாதரிடம் வருவோம். இந்த ஊரில் பிறந்த எல்லோருக்கும் தெரிந்த கதை. விளையாட்டாக ஈசன் கண்களைப் பொத்திய அம்மை, உலகம் இருண்டுபோன பிழைக்குக் கழுவாய் தேடிக் காஞ்சிக்கு வருகிறாள். மாமரத்தடியில் மணலால் லிங்கம் பிடித்துப் பூசை செய்கிறாள். கம்பையாற்றில் வெள்ளம் வருகிறது. மணல் லிங்கம் கரைந்துவிடுமே என்ற பதற்றத்தில் அதை மார்போடு சேர்த்து அணைத்துக்கொள்கிறாள். லிங்கம் குழைகிறது. அவள் வளையல்களின் தழும்பும் மார்பின் தழும்பும் இறைவன் மேனியில் பதிந்துவிடுகின்றன. தழுவக் குழைந்த நாதர் என்பது அவருக்கு அப்படி வந்த பெயர். சேக்கிழார் இந்தக் கதையை எங்கே வைத்தார் தெரியுமா? அரசர் யாருடைய வரலாற்றிலும் இல்லை. நம் ஊர்ச் சலவைத் தொழிலாளியான திருக்குறிப்புத் தொண்டரின் புராணத்தில் வைத்தார். மணல் லிங்கம் என்பதால் இன்றும் அதற்கு நீர் அபிடேகம் கிடையாது.

சிறுமியாக இருந்தபோது இந்தக் கதையைப் பாட்டி சொல்லக் கேட்டேன். "மார்" என்ற சொல்லை அவர் குரலைத் தாழ்த்திச் சொல்லவில்லை. அம்மன் பதறினாள், அணைத்தாள், பதிந்தது. அவ்வளவுதான். பிற்காலத்தில் இதை யோசித்துப் பார்த்தபோதுதான் இந்தக் கதை எவ்வளவு பெரியது என்று விளங்கியது. இங்கே அம்மையின் மார்பை யாரும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. அது ஒன்றைக் காப்பாற்றுகிறது. அச்சத்தையும் அன்பையும் ஒரே கணத்தில் செயலாக்குகிறது. அடையாளம் பதிந்திருப்பதோ இறைவனின் உடலில்.

தமிழில் இதற்கு உறவுக் கதைகள் உண்டு. மகன் போரில் புறமுதுகிட்டான் என்பது மெய்யானால், அவன் பால் குடித்த மார்பை அறுத்தெறிவேன் என்று வாளோடு களத்துக்குப் போன கிழத்தாயை, காக்கைபாடினியார் நச்செள்ளையார் என்ற பெண் புலவர் புறநானூற்றில் பாடியிருக்கிறார். நீதி பிழைத்த மதுரையின் மேல் கண்ணகி இட மார்பைத் திருகி எறிந்தாள். காரைக்கால் அம்மையார் சதை வற்றிய பேயுருவைத் தாமே கேட்டு வாங்கினார். வற்றித் தொங்கிய மார்பை, பக்கத்துத் திருவாலங்காட்டைப் பற்றிய தம் பதிகத்திலேயே பாடினார். அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டியில் உள்ள நெல்சன்-அட்கின்ஸ் அருங்காட்சியகத்தில் அவருடைய சோழர் காலச் செப்புத் திருமேனி இருக்கிறது. விலா எலும்பு தெரிய, கையில் தாளத்தோடு, முகத்தில் நிறைவோடு அமர்ந்திருக்கிறார். நம் கோயில்களில் நாயன்மார் அறுபத்துமூவர் வரிசையில் உட்கார்ந்த கோலம் அம்மையாருக்குத்தான். 120 அங்குலக் கணக்கு வைத்திருந்த அதே மரபு இந்த உடலையும் வழிபட்டது. அழகுக்கு ஒரே அளவுதான் என்பது நம் மரபு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அழகின் அளவு காலந்தோறும் மாறியே வந்திருக்கிறது. மார்பில் படரும் வெளிர்ப் புள்ளிகளைச் சுணங்கு என்று சங்கப் புலவர்கள் கொண்டாடினார்கள். வேங்கைப் பூவின் தாதுக்கு ஒப்பிட்டார்கள். தோளிலும் மார்பிலும் சந்தனக் குழம்பால் தொய்யில் எழுதிக்கொள்வது அன்றைய ஒப்பனை. இன்று தோலில் ஒரு புள்ளி தெரிந்தால் அதைப் போக்கக் களிம்பு விற்கிறார்கள். திருவாவடுதுறை அம்மனுக்கு ஒப்பிலாமுலையம்மை என்று பெயர். திருவண்ணாமலையில் உண்ணாமுலையம்மன். அந்தப் பக்கத்து ஊர்களில் பாட்டிமார் பலருக்கு உண்ணாமுலை என்று பெயர் இருந்தது. அந்தப் பெயர் சொல்லி அவர்களைத் தெருவில் கூப்பிட்டார்கள்; யாரும் சிரிக்கவில்லை.

இதையெல்லாம் சொல்வதால், அந்தக் காலமே பொற்காலம் என்று நான் சொல்லவருவதாக நினைத்துவிடாதீர்கள். தெற்கே போவோம். கன்னியாகுமரிப் பகுதி திருவிதாங்கூர் அரசில் இருந்த காலம். நாடார் பெண்கள் மேலாடை அணிவது குற்றம் என்று வைத்திருந்தார்கள். உயர்சாதியினர் எதிரே மார்பை மறைக்காமல் நிற்பதுதான் மரியாதை என்பது அந்த நாட்டு ஒழுங்கு. கிறித்தவம் தழுவிய பெண்கள் குப்பாயம் என்ற சட்டை அணிந்தபோது சந்தையில் அதைக் கிழித்தார்கள். வீடுகள் எரிந்தன. தோள்சீலைக் கலகம் என்று அதைச் சொல்கிறோம். பல பத்தாண்டுகள் நீடித்த போராட்டம் அது. சென்னை மாகாண ஆளுநர் சார்லஸ் டிரெவெலியன் நெருக்குதல் கொடுத்த பிறகே, 1859 ஜூலை 26 அன்று திருவிதாங்கூர் மன்னர் மேலாடைக்கு அனுமதி கொடுத்தார். அந்த ஆணையிலும் ஒரு நிபந்தனை இருந்தது: எப்படி வேண்டுமானாலும் மறைத்துக்கொள்ளலாம், உயர்சாதிப் பெண்களைப் போல மட்டும் உடுத்தக் கூடாது.

மாமல்லபுரத்து அரசி மேலாடை இல்லாமல் நின்றது அவள் பெருமை. திருவிதாங்கூரின் தோவாளையிலும் கல்குளத்திலும் உழைக்கும் பெண்ணை அப்படி நிற்க வைத்தது அவளுக்கு இழைத்த அவமானம். துணி இருக்கிறதா இல்லையா என்பதில் மானம் இல்லை. யார் முடிவெடுத்தார்கள் என்பதில்தான் இருக்கிறது. துணி நெய்து பிழைக்கும் ஊரில் இருந்துகொண்டு இதைச் சொல்லும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது. ஒரு முழத் துணிக்காக அந்தப் பெண்கள் அடிபட்டார்கள்.

ரவிக்கையின் கதையும் இதில் சேர்ந்ததுதான். நம் தமிழ்நாட்டு ஊர்ப்புறங்களில் ரவிக்கை போடாத பாட்டிகளைப் பார்த்தவர்கள் இந்த அவையில் நிறையப் பேர் இருப்பீர்கள். கண்டாங்கிச் சேலையை மார்புக்கு மேல் இழுத்துச் செருகிக்கொண்டு களை எடுத்தார்கள், பிள்ளைக்குப் பால் கொடுத்தார்கள். ரவிக்கை போட்ட மருமகளை ஊரே ஒரு மாதிரியாகப் பார்த்த காலம் ஒன்று இருந்தது. 1979-இல் வந்த 'ரோசாப்பூ ரவிக்கைக்காரி' படம் அந்தக் காலத்தைத்தான் காட்டியது. அடுத்த தலைமுறையில் அது தலைகீழானது. ரவிக்கை போடாத பாட்டி வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டியதாயிற்று. இப்போது காஞ்சிப் பட்டுச் சேலையோடு ரவிக்கைத் துணியும் சேர்ந்தே நெய்யப்படுகிறது. நம் ஊர்ப் பிள்ளையார்பாளையத்தில் கோர்வை போட்டு, கரையையும் உடலையும் இணைத்து, நாள்கணக்கில் குழித்தறியில் உட்கார்ந்து நெய்கிறார்கள். ஆறு கெஜத்துச் சேலைக்கு அளவு கிடையாது. பருத்தவரும் உடுத்தலாம், மெலிந்தவரும் உடுத்தலாம். மார்பு நிறைந்தவள், வற்றியவள், ஒன்றை நோய்க்குக் கொடுத்தவள், எல்லோருக்கும் அது பொருந்தும். உலகத்து ஆடைகளில் இவ்வளவு பெருந்தன்மையான ஆடை வேறு ஒன்றை நான் அறியேன். அதையே காந்தி சாலைக் கடைகளில் எந்தப் பொம்மைக்கு உடுத்தி நிறுத்துகிறோம்? ஒரே இடை, ஒரே மார்பு, ஒரே நிறம். முகூர்த்தப் பட்டெடுக்க வரும் பெண் சேலையைப் பார்ப்பதற்கு முன் அந்தப் பொம்மையைப் பார்க்கிறாள். பிறகு கண்ணாடியில் தன்னைப் பார்க்கிறாள். ரவிக்கை தைக்கக் கொடுக்கும்போது உள்ளே பஞ்சு வைத்துத் தைக்கச் சொல்கிறாள். கல்யாணப் புகைப்படத்துக்காக என்கிறாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவள் தன் உடலில் குறை காணும்படி செய்தவர்கள் நாம்.

2018-இல் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மார்பக அழகு அறுவைச் சிகிச்சையும் இலவசமாகச் செய்யப்படும் என்ற அறிவிப்பு வந்தது. வெளிநாட்டுப் பத்திரிகைகள்கூட அதை எழுதின. அழகுச் சிகிச்சை ஏழைகளுக்கு ஏன் கிடைக்கக் கூடாது என்று கேட்டார் அன்றைய சுகாதாரத் துறை அமைச்சர் விஜயபாஸ்கர். நியாயமான கேள்வி அது. மார்பின் பாரத்தால் கழுத்தும் முதுகும் வலித்து அவதிப்படும் பெண்களுக்குக் குறைப்பு அறுவை பெரிய ஆறுதல். புற்றுநோய்க்கு மார்பகத்தை இழந்தவருக்கு மறுவடிவம் கொடுப்பதும் மருத்துவம்தான். அதை ஏழைக்கும் கொடுத்தால் கைகூப்பி வரவேற்பேன். ஆனால் எந்த வலியும் இல்லாத ஒருத்தி, தன் மார்பு சிறியது என்பதற்காக அறுவை மேசையில் படுக்க வருகிறாள் என்றால், அவளுக்கு முன்னால் சிகிச்சை தேவைப்படுவது அவளை அப்படி நினைக்க வைத்தவர்களுக்கு. சிலிக்கோன் பை வைக்கும் அறுவை 1962-இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் தொடங்கியது. முப்பது ஆண்டு கழித்து, 1992-இல், பாதுகாப்புப் பற்றிய ஐயத்தால் அந்த நாட்டு அரசே அழகுக்காக அதை வைப்பதை நிறுத்தியது; 2006-இல்தான் மறுபடி அனுமதித்தது. அந்த இடைக்காலத்தின் ஐயங்களை எல்லாம் தாங்கியது பெண்களின் உடல்.

இவ்வளவு பார்க்கிறோம், பாடுகிறோம், செதுக்குகிறோம், அளக்கிறோம், விற்கிறோம். சரி, அந்த உடலுக்கு உரியவள் வாய் திறந்தால்? 2002-இல் கவிஞர் குட்டி ரேவதி தம் கவிதைத் தொகுப்புக்கு 'முலைகள்' என்று பெயர் வைத்தார். சித்த மருத்துவம் படித்தவர் அவர். என்ன நடந்தது என்று உங்களில் பலருக்கு நினைவிருக்கும். மேடையிலும் தொலைக்காட்சியிலும் வசவு. மிரட்டல். கோயிலில் ஓதுவார் பாடும்போது கண்மூடிக் கேட்ட அதே சொல்லை ஒரு பெண் தன் புத்தகத்தின் அட்டையில் வைத்ததும் ஆபாசம் ஆகிவிட்டது. ஆண் புலவர்கள் இரண்டாயிரம் ஆண்டுகள் பாடியபோது வராத கோபம் அது. பெண்ணின் மார்பு பேசப்பட வேண்டிய பொருள்தான், பெண் பேசக் கூடாது என்பதே அந்தக் கோபத்தின் உள்ளுறை.

நான் இன்று இவ்வளவு தூரம் பேச வந்ததற்குக் காரணம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. அந்த வாயடைப்பு கவிதையோடு நிற்பதில்லை. உயிரைக் குடிக்கிறது.

இந்தியப் பெண்களை அதிகம் தாக்கும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோய். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2022-ஆம் ஆண்டுக்குச் சொன்ன கணக்குப்படி, அந்த ஓராண்டில் இந்தியாவில் புதிதாக நோய் கண்டவர்கள் சுமார் 1,92,000 பேர். இறந்தவர்கள் சுமார் 98,000 பேர். தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் பெரும்பாலும் குணப்படுத்தக்கூடிய நோய் இது. நம் நாட்டில் நிறையப் பெண்கள் முற்றிய பிறகுதான் மருத்துவரிடம் வருகிறார்கள். பணமில்லாமையும் தூரமும் காரணங்கள்தான். வெட்கமும் ஒரு காரணம். அதற்கு நாம் அனைவரும் பொறுப்பு.

எங்கள் தெருவில் தறிக்குத் தார் சுற்றிக்கொண்டிருந்த அக்கா ஒருவர் இருந்தார். பெயர் சொல்ல மாட்டேன். மார்பில் புளியங்கொட்டை அளவு ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டிருக்கிறது. வலி இல்லை. வலி இல்லாததால் பயமும் இல்லை. கணவரிடம் சொல்லக் கூச்சம், மகனிடம் சொல்ல அதைவிடக் கூச்சம். மருத்துவர் ஆணாக இருந்தால் என்ன செய்வது என்ற கவலை. தீபாவளிச் சேலைக்கான வேலை முடியட்டும் என்று இருந்தார். பிறகு பொங்கல் போகட்டும் என்று இருந்தார். கடைசியில் வீட்டில் சொன்னபோதும் நெஞ்சு வலி என்றுதான் சொன்னார். மருத்துவமனைக்குப் போனபோது கை தூக்க முடியாதபடி அக்குளில் நெறி கட்டியிருந்தது. அவர் இன்று இல்லை. தழுவக் குழைந்த நாதர் கோயிலுக்கு வெள்ளிக்கிழமை தவறாமல் போனவர் அவர். அம்மையின் மார்பைப் பற்றிய கதையைத் தன் பேத்திக்குச் சொல்லத் தெரிந்தவருக்குத் தன் மார்பைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்ல முடியவில்லை.

அதே ஊரில், கூப்பிடு தூரத்தில், காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா பெயரால் அரசுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. இந்த மண்ணில் 1909-இல் பிறந்த அண்ணா, 1969 பிப்ரவரி 3 அன்று புற்றுநோயால் இறந்தார். அவர் நினைவாக எழுந்த மருத்துவமனை அது. அடையாற்றில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி முயன்று 1954-இல் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனையும் நமக்கு எட்டாத தூரத்தில் இல்லை. சிகிச்சை பக்கத்தில் இருக்கிறது. சொல்லத்தான் வாய் வரவில்லை.

ஆண்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் மனைவியின் உடலைப் பற்றி நண்பர்களோடு கேலி பேசும் சபையில் உட்காராதீர்கள், பேசுபவனை நிறுத்துங்கள். பேருந்து நிலையத்தில் தாய்ப்பால் ஊட்டும் அறை என்று 2015 முதல் அரசு கட்டிக் கொடுத்திருக்கிறது. நல்ல காரியம். ஆனால் பிள்ளை பசித்து அழும்போது அறை தேடி ஓட வேண்டியிருப்பது நம் கண்களால்தான். கண்ணைத் திருத்திக்கொண்டால் அந்தத் தாய் நிற்கும் இடத்திலேயே பால் கொடுப்பாள், நம் பாட்டிகள் களத்துமேட்டில் கொடுத்தது போல. கடைக்காரர்களிடம் ஒன்று கேட்கிறேன். அறுபது வயது நெசவாளிப் பெண்ணை உங்கள் சேலை விளம்பரத்தில் நிறுத்துங்கள். அந்தச் சேலைக்குத் தார் சுற்றியவள் அவள்.

பெண்களிடம், குறிப்பாகத் தறி வீடுகளில் இருக்கும் அம்மாக்களிடம் கேட்கிறேன். மாதம் ஒரு முறை, குளிக்கும்போது, உங்கள் மார்பையும் அக்குளையும் நீங்களே தடவிப் பாருங்கள். வலி இல்லாத கட்டி, தோலில் குழிவு, காம்பு உள்ளிழுத்தல், காம்பிலிருந்து நீரோ இரத்தமோ கசிதல், இவற்றில் எது இருந்தாலும் தாமதிக்காதீர்கள். கட்டிகள் எல்லாமே புற்று இல்லை; பெரும்பாலானவை தீங்கற்றவை. எது எது என்று சொல்ல வேண்டியவர் மருத்துவர். முப்பது வயது கடந்தவர்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இந்தச் சோதனை இலவசமாகச் செய்யப்படுகிறது. பெண் செவிலியரிடம் கேளுங்கள், பார்க்கச் சொல்லுங்கள். இங்கே வந்திருக்கும் மகள்களே, இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் அம்மாவிடமும் பாட்டியிடமும் பக்கத்து வீட்டு அக்காவிடமும் குரலைத் தாழ்த்தாமல் இதைக் கேளுங்கள். யாராவது ஒருவர் ஒரு கணம் தயங்கினாலும், மறுநாள் காலையிலேயே அவரைக் கையோடு காரப்பேட்டைக்கு அழைத்துப்போங்கள்.